துபாயிலிருந்து பிரிட்டனுக்கு மூட்டை கட்டுவோருக்கு

ஹீத்ரோவில் தானியங்கிக் கதவு வழியாக எங்களால் போக முடியவில்லை. மகனுக்கு எட்டு வயதுதான். அதனால் கவுண்ட்டர் வரிசையில் நின்றோம். அதிகாரி நான்கு பாஸ்போர்ட்டையும் புரட்டிவிட்டு, "விடுமுறை நல்லபடியாகப் போனதா?" என்றார். விடுமுறை இல்லை, பன்னிரண்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு ஒரேயடியாகத் திரும்புகிறோம் என்றேன். "வெல்கம் ஹோம்" என்று சிரித்து, பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்.

அதே வாரம் வாடகை வீடு பார்க்கப் போனேன். கடந்த மூன்று வருட பிரிட்டிஷ் முகவரி இருக்கிறதா என்றார் ஏஜென்ட். இல்லை. இந்த ஊர்ச் சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு? இல்லை. உத்தரவாதம் கொடுக்க யாராவது? யோசிக்க வேண்டும் என்றேன். சாவி கைக்கு வர ஐந்து வாரம் ஆனது.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எல்லையைத் தாண்ட உதவும். அதற்கப்புறம் மருத்துவம், கல்லூரிக் கட்டணம், அரசு உதவித்தொகை, வரி எல்லாமே 'இதுவரை எங்கே குடியிருந்தீர்கள்?' என்ற ஒரே கேள்வியில் போய் நிற்கும். சங்கடம் என்னவென்றால், ஒவ்வொரு இடத்திலும் கணக்கு வேறு. மருத்துவத்துக்கு முதல் நாளே போதும். கல்லூரிக்கு 3 ஆண்டு. வரிக்கு ஓரிடத்தில் 5, இன்னோரிடத்தில் 10. எப்போது கிளம்புவது என்பதை இந்தக் கணக்குகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் மாதத்தை வைத்து அல்ல. நான் அப்படித்தான் செய்ய இருந்தேன்.

நாங்கள் 2025 ஆகஸ்டில் வந்தோம். கீழே சொல்வது இங்கிலாந்தின் நிலவரம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பள்ளி, மருந்துக் கட்டணம், வாடகைச் சட்டம் போன்றவை வேறு. தொகைகள் பெரும்பாலும் ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும். பணம் கட்டுவதற்கு முன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில்: வீட்டில் யார் யார் பிரிட்டிஷ்?

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். குறைந்தது ஒரு வருடம் முன்பே உட்கார்ந்து பாருங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள்: அம்மாவோ அப்பாவோ பிரிட்டனில் பிறந்து, அல்லது குடியுரிமை விண்ணப்பித்து வாங்கி பிரிட்டிஷ் ஆனவர் என்றால், பிள்ளைக்குப் பிறப்பிலேயே குடியுரிமை உண்டு. பாஸ்போர்ட் எடுப்பது மட்டும்தான் வேலை. என் மகன் அந்த வகை. அவன் நாளைக்கு வெளிநாட்டில் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கு இது தானாக வராது. அந்தக் கவலை அவனுடையது.

கணவன் அல்லது மனைவி: லண்டனில் இருந்த காலத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி, அதாவது ஐஎல்ஆர் வாங்கியவர்கள், அது 'நிரந்தரம்' என்ற சொல்லை நம்பி இருந்துவிடுகிறார்கள். தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அது காலாவதி. நண்பர் ஒருவரின் மனைவிக்கு இப்படி ஆனது. பாஸ்போர்ட்டில் பழைய ஸ்டிக்கர் அப்படியே பளபளவென்று இருந்தது, அனுமதிதான் இல்லை. திரும்பிவரும் குடியிருப்பாளர் விசா என்று ஒன்று உண்டு. இந்த நாட்டோடு வலுவான தொடர்பு விட்டுப்போகவில்லை என்று அதற்குக் காட்ட வேண்டும். அவரால் முடியவில்லை. துணைவர் விசாவுக்குப் போனார்கள்.

துணைவர் விசாவைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2024 ஏப்ரல் 11 முதல் பிரிட்டிஷ் துணைவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். அதற்கு முன்பு 18,600 தான். இருவரும் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து வருவதென்றால், பிரிட்டிஷ்காரருக்கு அங்கே 6 மாதமாக அந்த அளவு சம்பளம் வந்திருக்க வேண்டும். அதோடு, பிரிட்டனில் அதே அளவு சம்பளத்தில், திரும்பிய 3 மாதத்துக்குள் சேரும்படி வேலைக் கடிதமும் வேண்டும். மனைவி துபாயில் உங்களைவிட இரண்டு மடங்கு சம்பாதித்தாலும் அந்த வருமானம் இந்தக் கணக்கில் சேராது. வேலைக் கடிதம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு 6 மாதமாகக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். விசாக் கட்டணம் 1,900 பவுண்டுக்கு மேல். அதற்கும் மேலே மருத்துவக் கூடுதல் கட்டணம், ஆண்டுக்கு 1,035 என்ற கணக்கில் முதல் விசாவுக்கே 3,105 பவுண்டு. முடிவு வர மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 'நான் முதலில் போய் வேலை பார்க்கிறேன், நீ பின்னால் வா' என்று பிரியும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பத்தியால் பிரிந்தவைதான்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒன்று. கனடா அல்லது ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டைக் காட்டிப் பறந்து வரும் பழக்கம் இனி செல்லாது. 2026 பிப்ரவரி 25 முதல் பிரிட்டிஷ் குடிமக்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையோ, 589 பவுண்டு கட்டி வாங்கும், பிரிட்டனில் குடியிருக்கும் உரிமைச் சான்றையோ காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமான நிறுவனம் ஏற்றாமல் விடலாம். அலமாரியில் காலாவதியாகிக் கிடக்கும் பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பித்துவிடுங்கள்.

பிள்ளைகளின் வயதை வைத்து நாள் குறியுங்கள்

இங்கே ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பொதுத்தேர்வுக்கான பாடத்திட்டம் பத்தாம், பதினோராம் ஆண்டு என இரண்டு வருடம் ஓடுகிறது. பத்தாம் ஆண்டு தொடங்கும் செப்டம்பருக்குள் வந்துவிட்டால் பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கும். பதினோராம் ஆண்டு நடுவில் கொண்டுவந்து இறக்கினால் பாடங்களும் பொருந்தாது, தேர்வு வாரியங்களும் பொருந்தாது, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. என் மகளுக்கு 14 வயது. 2025 ஆகஸ்ட் என்று நாங்கள் நாள் குறித்ததற்கு அவள்தான் காரணம்.

கல்லூரிக் கணக்கு இதைவிடக் கடுமை. உள்ளூர் மாணவருக்கான கட்டணமும் அரசுக் கல்விக்கடனும் வேண்டுமென்றால், படிப்பு தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகள் இங்கே வழக்கமாகக் குடியிருந்திருக்க வேண்டும். செப்டம்பரில் சேருகிறவர்களுக்கு அந்த முதல் நாள் செப்டம்பர் 1. உள்ளூர்க் கட்டணம் ஆண்டுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் பவுண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல இடங்களில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. பிளஸ் டூ வயதில் 'கல்லூரிக்கு நேராக லண்டன் போய்விடலாம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தானே' என்று நினைத்து வருபவர்கள் அட்மிஷன் கடிதத்தில் வெளிநாட்டுக் கட்டணம் என்று பார்த்து உறைந்துபோவார்கள். பெற்றோர் தற்காலிக வேலையாக வெளியே இருந்தார்கள் என்று வாதாட வழி உண்டு. அதற்குக் குறுகிய கால ஒப்பந்தங்கள், இங்கே விட்டுவந்த வீடு, அடிக்கடி வந்துபோன பதிவு எல்லாம் கேட்பார்கள். துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்ததைத் 'தற்காலிகம்' என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

ஏப்ரல் 6

பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடிகிறது. 1752-ல் நாட்காட்டியை மாற்றியதன் மிச்சம் அது. திரும்புகிறவர்களுக்கு இந்தத் தேதிதான் ஆண்டின் மிக விலையுயர்ந்த நாள்.

வெளியே இருந்த காலம் 5 ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால், போவதற்கு முன்பே உங்களிடம் இருந்த பங்குகளை அங்கிருந்தபோது விற்றுப் பார்த்த லாபத்துக்குத் திரும்பிய ஆண்டில் வரி கேட்பார்கள். இது பலருக்குத் தெரியாது.

நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. 2025 ஏப்ரல் 6 முதல், தொடர்ந்து 10 வரி ஆண்டுகள் இங்கே வரி வசிப்பாளராக, அதாவது வரிக் கணக்கில் இங்கே வசிப்பவராக, இல்லாதிருந்தவர்கள், திரும்பிய முதல் 4 வரி ஆண்டுகளுக்குத் தங்கள் வெளிநாட்டு வருமானத்துக்கும் லாபத்துக்கும் விலக்குக் கேட்கலாம். பிரிட்டிஷ் குடிமக்களும் கேட்கலாம். கேட்கும் ஆண்டில் எல்லோருக்கும் உள்ள 12,570 பவுண்டு வரியில்லா வரம்பு போய்விடும். அதனால் வெளிநாட்டு வருமானம் கொஞ்சமாக இருந்தால் கேட்காமல் விடுவதே லாபம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒன்பது முழு வரி ஆண்டுகள் முடித்து, பத்தாவதில் பிப்ரவரி மாதம் வந்து வேலையில் சேர்ந்துவிட்டார். அந்த ஆண்டே வரி வசிப்பாளர் ஆகிவிட்டார். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நான்கு வருடச் சலுகை. அவரிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது.

நம்மவர்களுக்கு இதில் என்ன என்று கேட்டால், வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்திய வங்கியில் போட்டு வைக்கும் என்ஆர்இ வைப்புநிதி. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. துபாயிலும் இல்லை. பிரிட்டனில் வரி வசிப்பாளர் ஆன பிறகு, மேலே சொன்ன விலக்கு இல்லையென்றால் உண்டு, உலகம் முழுக்க வரும் வருமானத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். 'அவர்களுக்கு எப்படித் தெரியும்?' என்று சித்தப்பா ஒருவர் கேட்டார். நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தங்களுக்குள் தானாகவே பரிமாறிக்கொள்ளும் காலம் இது, சித்தப்பா. கொஞ்சம் பெரிய தொகை என்றால் கிளம்பும் முன்பே ஒரு வரி ஆலோசகரிடம் காசு கொடுத்துப் பேசிவிடுங்கள். கிராஜுவிட்டியை எப்போது கையில் வாங்குவது என்றும் அவரிடமே கேளுங்கள்.

ஓய்வூதியம் பற்றி ஒரு வார்த்தை. முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டு தேசியக் காப்பீட்டுச் சந்தா, எதுவும் கிடைக்கவே குறைந்தது 10 ஆண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டே வாரம் 3.50 பவுண்டு என்ற மலிவு விலையில் சந்தா கட்டினோம். 2026 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக் காலத்துக்கு அந்த வசதி இல்லை, இருப்பது ஐந்து மடங்கு விலை உள்ளதுதான். ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இந்தியாவில் இருக்கும் பெரியவர்களுக்குத் தொகை ஆண்டுதோறும் ஏறாமல் உறைந்து நிற்கும். இங்கே திரும்பிக் குடியேறினால் அன்றைய முழு விகிதத்துக்கு ஏற்றிவிடுவார்கள்.

துபாயில் முடிக்க வேண்டியவை

கடன் அட்டை, கார் கடன் எதையும் பாக்கி வைக்காதீர்கள். கடைசிச் சம்பளம் வந்ததும் கடன் உள்ளவரின் கணக்கை வங்கி நிறுத்தி வைக்கும். விசாவை ரத்து செய்யும் முன் அத்தனையும் அடைத்துவிட்டு, பாக்கியில்லை என்ற கடிதம் வாங்குங்கள்.

வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்புவதாக இருந்தால், வரியில்லாமல் கொண்டுவர பிரிட்டிஷ் வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் குடிமாற்றச் சலுகை கேட்டு இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 12 மாதம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். பொருள் 6 மாதமாவது உங்களிடம் இருந்து, நீங்கள் பயன்படுத்தியதாக இருக்க வேண்டும். வந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கக் கூடாது. இந்த 6 மாதக் கணக்கில்தான் நம் வீட்டுப் பெண்கள் சிக்குகிறார்கள். திருமணத்துக்குப் போட்ட நகை பிரச்சினையில்லை. கிளம்பும் வாரம் கோல்ட் சூக்கில் 'கடைசியாக ஒன்று' என்று வாங்கிய வளையல் சலுகையில் வராது. பயணியாகக் கொண்டுவரும் பொருளுக்கு வரியில்லா வரம்பு 390 பவுண்டு. இன்றைய தங்க விலையில் அதற்கு ஒரு மோதிரம்கூடச் சந்தேகம். சூட்கேஸில் நெய் டப்பாவையும் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை.

கார் காப்பீட்டு நிறுவனத்திடம், இத்தனை வருடம் இழப்பீடு கேட்கவில்லை என்று கடிதம் வாங்குங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, கடைசி இரண்டு வருட மதிப்பெண் அறிக்கை, எஜாரி (துபாய் வாடகை ஒப்பந்தப் பதிவு) நகல், வீட்டுக்காரரிடமிருந்து வாடகை ஒழுங்காகக் கட்டினார் என்று ஒரு கடிதம்.

இதையெல்லாம் ஒரு ஃபைலில் போடுங்கள். நான் வைத்திருந்தது பச்சை ஃபைல். ஒருவழி டிக்கெட், ரத்தான விசாத் தாள், கப்பல் கம்பெனி பில், வேலைக் கடிதம் எல்லாம் அதில். 'சுற்றிப் பார்க்க வரவில்லை, குடியேற வந்திருக்கிறோம்' என்று சொல்வதற்கான சாட்சிக்கட்டு அது. வேலை கிடைக்கும்வரை யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை கேட்க நேர்ந்தால் பிரிட்டிஷ்காரருக்கும் வழக்கமான வசிப்பிடச் சோதனை உண்டு. அங்கே பேட்டியில் முதலில் வெளியே வருவது இந்த ஃபைல்தான்.

வந்த முதல் வாரங்கள்

வீடு முதலில். மற்ற எல்லாம் முகவரிக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. எங்களுக்கு இங்கே கடன் வரலாறே இல்லை. அங்கே பன்னிரண்டு வருடம் ஒரு தவணைகூடத் தவறவில்லை என்றாலும் இங்குள்ள கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு நாங்கள் நேற்றுப் பிறந்த பிள்ளைகள். கடைசியில் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டிச் சாவி வாங்கினேன். இப்போது அந்தக் குறுக்கு வழி இல்லை. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் புதிய வாடகைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வாடகைதாரருக்கு நல்ல சட்டம்தான். ஆனால் கையில் பணம் மட்டும் இருந்து வரலாறு இல்லாதவருக்கு ஒரு கதவு சாத்திவிட்டது. அதனால் உத்தரவாதம் தரும் ஆளை முன்பே பிடித்து வையுங்கள். இங்கே சொந்த வீடும் நிலையான சம்பளமும் உள்ள அண்ணனோ மச்சானோ இருந்தால் புண்ணியம். இல்லாவிட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் உண்டு. டெபாசிட் பெரும்பாலும் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அது 2019 முதல் சட்டம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்சார, எரிவாயு மீட்டர்களைப் படம் எடுங்கள். கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், வரிக்குப் பதிந்து, அதே மூச்சில் வாக்காளர் பட்டியலிலும் பதியுங்கள். கடன் மதிப்பெண் ஏற அதுதான் விலையில்லாத முதல் படி.

அப்புறம் ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். குடியேறும் நோக்கத்தோடு வந்த பிரிட்டிஷ் குடிமகனுக்கு முதல் நாளிலிருந்தே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் இலவசம். இத்தனை வருடம் வரி கட்டினீர்களா என்பது கேள்வியே இல்லை. பதிவு செய்ய முகவரிச் சான்று சட்டப்படி கட்டாயமும் இல்லை. இருந்தாலும் எங்கள் பகுதி மருத்துவமனை வரவேற்பறையில் வங்கி அறிக்கை இல்லாமல் முடியாது என்றார்கள். நான் வாதாடவில்லை, என்ஹெச்எஸ் இணையதளத்தில் அந்த வரியைத் திறந்து போனை அவர் பக்கம் திருப்பினேன். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பல் மருத்துவர் விஷயம் வேறு. என்ஹெச்எஸ் பல் மருத்துவர் கிடைப்பது அரிது. பல் வேலை பாக்கி இருந்தால் துபாயிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

வங்கியில் என் பழைய கணக்கு உயிரோடுதான் இருந்தது. ஆனால் ஒருமுறைக் கடவுஎண் 2013-ல் வைத்திருந்த செல்போன் எண்ணுக்குப் போனது, அந்த எண் யாரிடம் இருக்கிறதோ. கிளம்பும் முன்பே எண்ணை மாற்றிவிடுங்கள். பர்ஸில் பத்திரமாக வைத்திருந்த காகித 20 பவுண்டு நோட்டுகளை நீட்டினேன். கடைப் பையன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது என் பாட்டி காலத்துது" என்றான். 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு காகித நோட்டு எதுவும் செல்லாது, பேங்க் ஆஃப் இங்கிலாந்திலோ சில போஸ்ட் ஆபீஸ்களிலோதான் மாற்ற வேண்டும். லண்டன் பஸ்ஸில் காசே வாங்குவதில்லை, அட்டைதான்.

கார், இருட்டு, குப்பை

லண்டனில் பழைய கார் வாங்கும் முன் அதன் எண்ணைப் போட்டு, யூலெஸ் என்ற வாகனப் புகை விதிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 2023 ஆகஸ்ட் முதல் மாநகரம் முழுக்க அந்த விதி. பொருந்தாத காரை எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண்டு. மலிவாக வருகிறதே என்று டீசல் கார் வாங்கினால் மலிவின் காரணம் இதுவாக இருக்கலாம். பெட்ரோல் நீங்கள்தான் இறங்கிப் போட வேண்டும். முதல் தடவை பங்கில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மகள் பின்சீட்டில் சிரித்தாள்.

டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பன்னிரண்டு வருட வெயிலைத் திட்டியவன், மூன்றாம் வாரத்தில் அதே வெயிலை நினைத்து ஏங்கினேன். குளிரைத் தாங்கிக்கொள்ளலாம், கோட்டு இருக்கிறது. இருட்டுக்கு மருந்து வெளியே போவதுதான். மதியம் ஒரு மணிக்கு மழையோ வெயிலோ அரை மணி நேரம் நடங்கள். மனைவி இதை நான் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள். நான் பிப்ரவரியில்தான் சேர்ந்துகொண்டேன். பிள்ளைகள் ஆச்சரியப்படுத்தினார்கள். அங்கே பள்ளி பஸ் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இங்கே பத்து நிமிடம் மழையில் நடக்கிறார்கள், அதுதான் மகனுக்கு நாளின் சிறந்த பகுதியாம்.

வீட்டு வேலைக்கு ஆள், கார் கழுவ ஆள், பை தூக்க ஆள் என்று பழகிய உடம்பு முதல் மாதம் முனகும். நான் நினைத்ததைவிட அது சீக்கிரம் அடங்கியது. அடங்காதது குப்பைத் தொட்டிக் குழப்பம். மறுசுழற்சிக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று, உணவுக் கழிவுக்குச் சின்னதாக ஒன்று, நிறமும் நாளும் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு. தவறான தொட்டியை வெளியே வைத்தால் எடுக்காமல் போய்விடுவார்கள், இரண்டு வாரம் வீட்டோடு வைத்திருக்க வேண்டியதுதான். அட்டவணை கவுன்சில் இணையதளத்தில் இருக்கிறது. அதைத் தேட நேரமில்லை என்றால், முந்தின நாள் இரவு படுக்கப் போகும் முன் ஜன்னல் திரையை விலக்கி எதிர்வீட்டுப் பாட்டி எதை வெளியே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.